உட்கார ஒரு ஸ்டூல்



நான் வங்கியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். பெரிய ஜவுளிக்கடைகளில் புடவை விரித்துக் காட்டும் நம்ம பெண்பிள்ளைகள் நாள் பூரா நிற்கிறார்கள். கால் நரம்பு புடைச்சாலும் சுவரில் சாயக்கூடாது. வாங்க வருகிறவருக்குத்தான் நாற்காலி.

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளி பி. விஜி இந்தப் பெண்களைத் திரட்டினார். முதலில் கேட்டது கழிப்பறை, அப்புறம்தான் இருக்கை. 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது.

அந்தப் பிரிவைக் கவனிச்சுப் படிங்க. எல்லாருக்கும் இருக்கை உண்டு. வேலைக்கு நடுவே வாய்ப்பு வரும்போது உட்காரலாம். வாய்ப்பு வந்ததா இல்லையான்னு யார் சொல்றது? சூப்பர்வைசர். தீபாவளி மாசம் முழுக்க வாய்ப்பே வராது.

திண்ணையிலும் டீக்கடை பெஞ்சிலும் நம்மை உட்காரவிடாதவன் அதற்கு மரியாதைன்னு பேர் வச்சான். முதலாளி சுறுசுறுப்புங்கிறான்.

மாணவத் தோழர்கள் புடவை பார்க்கிற சாக்கில் கடைக்குள்ளே போங்க. ஸ்டூல் எங்கே கிடக்குதுன்னு பாருங்க. சூப்பர்வைசர் காதில் விழாமல் அந்த அக்காவிடம் கேளுங்க, இன்னிக்கு எத்தனை தடவை உட்கார்ந்தீங்கன்னு.