கண்ணுக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கண் மருத்துவர் அல்ல. மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவன். பிறந்து வளர்ந்தது சுங்கை சோ. ரவாங்கிலிருந்து செரண்டா போகும் பெரிய சாலையில் இருக்கிறதே, அந்த ஊர்தான்.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடிவதற்கு முன் பிரட்டுக்குப் போய், நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குவார். பள்ளி விடுமுறையில் வாளி தூக்க நானும் கூடப் போவேன். கோட்டுப்பாலை உரித்து எடுப்பார், மங்கைத் துடைப்பார், கத்தியை வைத்துப் பட்டையை மெல்லிசாகச் சீவுவார். ஆழமாகப் போனால் மரத்தில் காயம் படும், தண்டல் ஏசுவார். அவ்வளவு கூர்மையாகக் கண்ணை வைத்துச் செய்கிற வேலை. ஆனால் ஒரு மரத்தில் அது எவ்வளவு நேரம்? அரை நிமிடம் கூட இல்லை. உடனே தலையை நிமிர்த்தி அடுத்த மரத்தைப் பார்த்து நடப்பார். கிட்டே, எட்டே, கிட்டே, எட்டே. நானூறு, ஐந்நூறு மரத்துக்கும் இதே கதைதான். கண்ணுக்குப் பயிற்சி என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. வேலையே அப்படி அமைந்திருந்தது.

தோட்ட வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அந்த இருட்டில் பாம்பும் இருந்தது, சம்பளமும் போதவில்லை. அம்மாவுக்கும் நாற்பத்தைந்து வயதில் ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. அது வயதால் வருவது, எல்லாருக்கும் வரும். கண்ணின் ஓய்வை மட்டும்தான் இங்கே பேசுகிறேன்.

இப்போது அதே சுங்கை சோவைப் பாருங்கள். 1994இல் கஞ்சில் காரைக் கொண்டுவந்த பெரோடுவாவின் ஆலை இருப்பது அங்கேதான். தோட்டத்துப் பிள்ளைகள் ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்கிறார்கள். என் அக்காள் மகள் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள். எட்டு மணி நேரம் கணினி, வீடு திரும்பும் பேருந்தில் கைப்பேசி, படுக்கையிலும் அதே கைப்பேசி. ஒரு நாள் கடைக்கு வந்து, "மாமா, கண்ணு எரியுது, நெத்தி வலிக்குது, சாயங்காலம் ரோட்டுப் பலகையே மங்கலாத் தெரியுது, பவர் ஏறிடுச்சா?" என்றாள். சோதித்தேன். பவர் இம்மி கூட ஏறவில்லை. களைப்புதான்.

கண்ணுக்குள் ஒரு சின்னத் தசை இருக்கிறது. கிட்டே இருப்பதைப் பார்க்கும்போது அது இறுகி, உள்ளே இருக்கும் வில்லையைப் பருக்க வைக்கிறது. இருபது அடிக்கு அப்பால் பார்த்தால் தளர்ந்துவிடுகிறது. கைவிரல்களை எட்டு மணி நேரம் மடக்கியே வைத்திருந்தால் விரிக்கும்போது எப்படி இருக்கும்? அந்தக் கதைதான் கண்ணுக்கும். இன்னொன்று, இமைப்பது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை போல இமைக்கிறோம். திரையைப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும். கண்ணீர்ப் படலம் காய்ந்து எரிச்சல் வருகிறது. குளிர்சாதனக் காற்று நேரே முகத்தில் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது அடிக்கு அப்பால் இருபது விநாடி பார். சன்னலுக்கு வெளியே ஒரு மரமோ, எதிர்க்கட்டடமோ போதும். அந்த நேரத்தில் பத்து முறை மெதுவாக, முழுசாக இமை. அரைகுறையாக இமைத்தால் கண்ணின் கீழ்ப்பகுதி காய்ந்தே கிடக்கும். திரை ஒரு கை நீளத்துக்குத் தள்ளி, கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு உள்ளங்கையையும் குழித்து, கண்ணை அழுத்தாமல் மூடிக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் உட்கார். இவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து வந்தாள், நெற்றி வலி போய்விட்டது என்று. சன்னல் பக்கம் இடம் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். கெட்டிக்காரி!

இந்த உள்ளங்கைப் பயிற்சியைப் பரப்பியவர் நியூயார்க்கில் இருந்த வில்லியம் பேட்ஸ் என்ற கண் மருத்துவர். கண்ணாடி இல்லாமலே பார்வைக் குறையைத் தீர்க்கலாம் என்று 1920இல் நூல் எழுதினார். அவர் வழியைப் பின்பற்றி டாக்டர் அகர்வால் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பார்வைப் பள்ளி நடத்தினார். தமிழர்கள் பலர் அங்கே போய் வந்திருக்கிறார்கள், நம் நாட்டிலிருந்தும் போயிருக்கிறார்கள். கண் தளர்ந்து சுகமாக இருந்தது என்று அவர்கள் சொன்னால் நான் நம்புகிறேன். ஆனால் பேட்ஸ் சொன்ன காரணம் தவறு. கண்ணுக்கு வெளியே உள்ள தசைகள் கண்ணையே நீட்டிச் சுருக்கித்தான் பார்வை தெளிகிறது என்றார் அவர். உண்மையில் அந்த வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் வில்லை. கிட்டப்பார்வை உள்ளவருக்குக் கண் உருண்டை நீண்டுவிட்டது. ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே பவர் இரண்டரை, மூன்று என்று ஏறும். நீண்டதை எந்தப் பயிற்சியாலும் சுருக்க முடியாது. கண்ணாடி விற்பவன் இப்படித்தான் பேசுவான் என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. பரவாயில்லை.

பயிற்சியால் உண்மையிலேயே குணமாகும் ஒன்றும் உண்டு. கிட்டே பார்க்கும்போது இரண்டு கண்ணும் சேர்ந்து உள்ளே திரும்பாத கோளாறு சிலருக்கு இருக்கும். படித்தால் எழுத்து இரண்டாகத் தெரியும். அதற்குத் தேர்ந்தவர் சொல்லிக் கொடுத்து, வாரக்கணக்கில் பயிற்சி செய்தால் பலன் உண்டு.

பிள்ளைகள் விஷயத்தில் பயிற்சியைவிட வெளிச்சம் பெரிது. சீனாவில் பள்ளிக்கூடங்களில் 1963 முதலே கண்ணைச் சுற்றித் தேய்க்கும் பயிற்சி நடந்து வருகிறது. ஆனாலும் அங்கே கிட்டப்பார்வை பெருகித்தான் போனது. குவாங்சோ நகரில் பன்னிரண்டு பள்ளிகளில் வேறு ஒன்றைச் செய்து பார்த்தார்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளில் பாதிப் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் நாற்பது நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து அவர்களில் நூற்றுக்கு 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றப் பள்ளிகளில் 39க்கு மேல். 2015இல் முடிவை வெளியிட்டார்கள். நம் பிள்ளைகள் 2020இல் ஊரடங்கு வந்தபோது கைப்பேசியிலேயே பாடம் படித்தார்கள். அதற்குப் பிறகு என் கடைக்கு ஏழு, எட்டு வயதில் கண்ணாடிக்கு வரும் பிள்ளைகள் அதிகம். சாயங்காலம் டியூஷனுக்கு அனுப்புகிற அம்மாக்களே, ஒரு மணி நேரம் திடலுக்கும் அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

என் சித்தப்பாவுக்குப் பதினைந்து ஆண்டாக இனிப்பு நீர். பார்வை மங்கியதும் யாரோ உள்ளங்கைப் பயிற்சியைச் சொல்லியிருக்கிறார்கள். காலையும் மாலையும் தவறாமல் செய்தார். கண்ணுக்குக் குளிர்ச்சி என்று விளக்கெண்ணெயும் விட்டார். என்னிடமே, "தம்பி, இப்ப நல்லா இருக்கு" என்றார். நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன். கூட்டிப்போய்க் காட்டியிருக்க வேண்டும், செய்யவில்லை. ஒரு நாள் காலையில் வலது கண்ணில் கறுப்புத் திரை விழுந்தது போல ஆகிவிட்டது என்றார். விழித்திரையில் பழுதான ரத்தக்குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. அந்தக் கண்ணில் இப்போது நிழல்தான் தெரிகிறது. இடது கண்ணை லேசர் வைத்துக் காப்பாற்றினார்கள்.

இனிப்பு நீர் விழித்திரையைக் கெடுக்கும்போது ஆரம்பத்தில் வலியும் இருக்காது, மங்கலும் இருக்காது. கண்ணழுத்த நோயும் பெரும்பாலும் அப்படித்தான், ஓரத்துப் பார்வையைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டு வரும். கையால் கண்ணை மூடி உட்கார்ந்தால் இவை இரண்டும் நிற்காது.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துவிட்டு, கண் பார்த்தாயிற்று என்று போய்விடாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்க்க வேண்டும். பல அரசு கிளினிக்குகளில் கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கும் கேமரா இருக்கிறது. மருந்து வாங்கப் போகும் நாளிலேயே, "என் கண்ணைப் படம் எடுத்தீர்களா?" என்று கேளுங்கள். கண்மணி விரிய மருந்து விட்டால் சில மணி நேரம் கூச்சமாக, மங்கலாக இருக்கும். மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. அதனால் தனியாகப் போகாமல் மகனையோ மருமகனையோ கூட்டிக்கொண்டு போங்கள்.