பால் மரமும் பக்கவாதமும்
(ரவாங் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் டாக்டரல்ல. ஆயினும் இன்று பேசப்போகும் விஷயத்தில் ரப்பர்த் தொழிலாளி யாருக்கும் பின்னால் நிற்கவேண்டியதில்லை. ரப்பர் எப்படிக் கெடுகிறது என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள்.

வெயில் படும் இடத்தில் கிடந்த ரப்பர் வளையம் முதலில் பிசுபிசுக்கிறது, பிறகு வெடிக்கிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் செய்யும் வேலை அது. அதனால் 'ஃப்ரீ ராடிகல்' எனப்படும் துணுக்குகள் உண்டாகின்றன. தன்னிடம் குறைந்ததைப் பக்கத்து மூலக்கூறிடமிருந்து பறிப்பதே அவற்றின் குணம். பறிகொடுத்தவனும் திருடனாகி அடுத்த வீட்டில் கை வைக்கிறான். இப்படியே சங்கிலியாகப் போகிறது. இதைத் தடுக்கும் பொருளைத்தான் 'ஆன்டிஆக்ஸிடன்ட்' என்கிறார்கள்.

நாம் வெட்டும் பாலிலேயே இந்தக் காவற்காரன் உண்டு. வைட்டமின் ஈ குடும்பத்தைச் சேர்ந்த டோகோட்ரையினால் ரப்பர்ப் பாலில் இருப்பதை 1965-இல் 'நேச்சர்' ஏட்டில் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். ரப்பரிலுள்ள இத்தகைய இயற்கைப் பொருள்களை அசிட்டோனால் கழுவி எடுத்துவிட்டால் ரப்பர் விரைவில் கெடும்.

மூளைக்கு வருவோம். உடல் எடையில் மூளை நூற்றுக்கு இரண்டு பங்குதான். உடல் செலவிடும் ஆக்ஸிஜனிலோ ஏறக்குறைய 20 பங்கு அதற்கே போகிறது. கொழுப்பும் அங்கே மிகுதி. இரத்தக் குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. அடைப்பு நீங்கி இரத்தம் திரும்பப் பாயும்போது ஃப்ரீ ராடிகல்கள் பெருகி, மிஞ்சியதையும் தாக்குகின்றன. ஆகவே ஆன்டிஆக்ஸிடன்ட் கொடுத்தால் தப்பலாமே என்று விஞ்ஞானிகள் நினைத்தது நியாயமே.

அந்த நியாயத்தைத்தான் இன்று பாட்டிலில் அடைத்து வீடு வீடாக விற்கிறார்கள். சம்பளத்தில் ஒரு பங்கை அதற்குக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த இரத்தக் கொதிப்பு மாத்திரையை அலமாரியில் வைத்துவிடுவோரும் உண்டு. நமக்கு வேதனை இங்கேதான்.

சோதனைகள் சொல்வதென்ன? பிரிட்டனில் 20,536 பேருக்கு நடந்து 2002-இல் வெளியான சோதனையில், வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றும் சேர்ந்தும் பக்கவாதத்தைக் குறைக்கவில்லை. 2010-இல் ஒன்பது சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் ஈ உட்கொண்டோரில் 476 பேருக்கு ஒருவர் அடைப்பிலிருந்து தப்பினார். 1,250 பேருக்கு ஒருவர் கூடுதலாக மூளையில் இரத்தம் கசிந்து விழுந்தார். இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

சிகிச்சையிலும் பார்த்தார்கள். ஃப்ரீ ராடிகலைப் பிடிக்கவென்றே தயாரித்த ஒரு மருந்து 2006-இல் நம்பிக்கை தந்தது. 3,000-க்கும் மேற்பட்டோருக்குக் கொடுத்துப் பார்த்த அடுத்த சோதனையில், 2007-இல், தோற்றது. ஜப்பானில் 2001-இல் அனுமதி பெற்ற எடாரவோன் என்பது ஆஸ்பத்திரியில் நரம்புவழி ஏற்றுவது. அது இயற்கைப் பொருளுமல்ல.

நம் நாட்டு ஆராய்ச்சியையும் மறைக்கக்கூடாது. செம்பனையிலிருந்து எடுத்த டோகோட்ரையினாலை மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 121 பேரைக்கொண்டு இரண்டாண்டு சோதித்து 2014-இல் வெளியிட்டனர். வெறும் மாத்திரை பெற்றவர்களுக்கு மூளையின் வெண்பகுதிச் சிதைவு வளர்ந்தது. மருந்து பெற்றவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே நின்றது. நல்ல செய்திதான். ஆனால் பக்கவாதம் தடுக்கப்பட்டதா என்பதை அது சோதிக்கவில்லை. குழம்பில் எண்ணெய் அதிகம் ஊற்றலாம் என்றும் பொருளல்ல!

முருங்கைக்கீரை, வல்லாரை, கொய்யா, பப்பாளி: லயத்துக் கொல்லையில் வளர்ந்தவை இவை. தாராளமாகச் சாப்பிடுவோம். கருவாட்டு உப்பையும் சிகரெட்டையும் குறைப்பதோடு நிற்காமல், சிகரெட்டை அடியோடு விடுவோம். எல்லாவற்றுக்கும் மேலாக மாத்திரை. இரத்தக் கொதிப்பின் மேல் எண்ணை 10 குறைத்தால் பக்கவாதம் நூற்றுக்கு 27 பங்கு குறைகிறது என்று 2016-இல் கணக்கிட்டார்கள். எந்தப் பாட்டிலும் இவ்வளவு செய்ததில்லை.

வாய் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திராதீர்கள். உடனே 999. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரவாங்கிலிருந்து செலாயாங்கும் சுங்கை பூலோவும் தூரமல்ல.

பின் மேசையில் இரத்தக் கொதிப்பு அளக்கும் கருவி வைத்திருக்கிறோம். தேநீருக்கு முன்பு வரிசையாக வாருங்கள். மாத்திரையை நிறுத்தியவர்கள் முதலில் வரட்டும்.