பாங்காக்கில் மூன்று நாள்

பிரயாணங்களில் இருவகை உண்டு. நாள் குறித்து, இடம் தேர்ந்து, பார்க்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டுக்கொண்டு புறப்படுவது ஒருவகை. வழியிலே தடைப்பட்டு நின்று, நின்ற இடத்தைச் சுற்றிப் பார்ப்பது மற்றொரு வகை. முதல்வகைப் பிரயாணத்துக்கு வழிகாட்டும் நூல்கள் பல உள்ளன. இரண்டாவது வகைக்கு வழிகாட்டி நம் கண்ணும் காதுமே ஆகும். எங்கள் தேனிலவு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதனால் நாங்கள் கண்ட ஒரு பெருநகரத்தைப் பற்றி மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் திருமணம் 2018ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் நடந்தது. என் கணவருக்கு ஜப்பானில் ஒசாகா நகரில் வேலை. விடுப்பு முடியும் தறுவாயில் இருந்தது. கல்யாணச் செலவும் கையைக் கடித்திருந்தது. ஆகவே தேனிலவு என்ற பேச்சே எழவில்லை. பெரியோர் பார்த்து முடித்த திருமணம் எங்களுடையது. ஒருவரை ஒருவர் அறிந்தது மிகச் சொற்பம். ‘பெட்டி எங்கே, காப்பி வேண்டுமா’ என்பதற்கு மேல் பேசப் பொருள் கிடைக்காத நிலையில்தான் இருவரும் சென்னையிலிருந்து விமானம் ஏறினோம்.

செப்டம்பர் 4ஆம் நாள் விடியற்காலையில் பாங்காக்கில் இறங்கி, ஒசாகா செல்லும் விமானத்துக்கு மாற வேண்டும். ஆனால் ‘ஜெபி’ என்ற கடும்புயல் அன்றைக்கு ஜப்பானைத் தாக்கவிருந்தபடியால் அந்த விமானம் ரத்தாயிற்று. அன்று பகலில் ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்துக்குள் கடல்நீர் புகுந்தது. அந்நிலையம் கடல்நடுவே எழுப்பப்பட்ட செயற்கைத் தீவில் இருப்பது. அதைக் கரையோடு இணைக்கும் பாலத்தின்மீது எண்ணெய்க் கப்பல் ஒன்று மோதியது. எங்களுக்கு 7ஆம் நாள்தான், அதுவும் டோக்கியோ வழியாக, இடம் கிடைத்தது.

பாங்காக் விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. அங்கே தேவரும் அசுரரும் வாசுகியைப் பற்றிப் பாற்கடலைக் கடையும் காட்சி பெருஞ்சிற்பமாக அமைந்திருக்கிறது. அதன் அடியில் அமர்ந்துதான் நாங்கள் முதன்முறையாகக் கருத்து வேறுபட்டோம். நகருக்குள் செல்ல அப்போது விசா வாங்க வேண்டியிருந்தது. இருவருக்கும் சேர்த்துக் கட்டணம் 4,000 பாட். நம் பணத்தில் அன்றைக்கு 8,000 ரூபாய்க்கு மேல். “எப்படியாவது இங்கேயே சமாளித்துவிடலாமே” என்றார் அவர். “மூன்று நாளும் பெட்டியைக் காவல் காப்பதா? என் கைச்செலவுக்கு அம்மா கொடுத்த பணம் இருக்கிறது. வாருங்கள், போய்ப் பார்ப்போம்” என்றேன் நான். மனத்தில் பட்டதை அவரிடம் தயக்கமின்றிச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர் சற்று நேரம் சிற்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தார்.

பாங்காக் என்று உலகம் அழைக்கும் நகரைத் தாய்லாந்து மக்கள் ‘குருங் தேப்’ என்றே அழைக்கின்றனர். தேவநகரம் என்பது பொருள். இது முழுப்பெயரின் தலைப்பகுதிதான். முழுப்பெயர் அவர்களுடைய எழுத்தில் 168 எழுத்துகள் கொண்டது. அதில் பெரும்பாலானவை பாலி, வடமொழிச் சொற்கள். இந்திரன் ஆணைப்படி விசுவகர்மா சமைத்த நகரம் என்று அப்பெயர் முடிகிறது. அயுத்தயா என்ற பழைய தலைநகரம் 1767இல் பர்மியப் படையால் அழிந்தது. நம் அயோத்தியே அங்கு அயுத்தயா ஆயிற்று. அதன்பின் ஆற்றின் மேற்கரையில் தோன்புரி சில காலம் தலைநகராயிருந்தது. 1782இல் முதலாம் ராமர் என்ற மன்னர் கிழக்குக் கரையில் இன்றைய நகரை நிறுவினார். அவ்வரச மரபினர் இன்றளவும் ராமர் என்ற பெயராலேயே எண்ணப்படுகின்றனர்.

முதல் நாள் அரண்மனை வளாகத்துக்குச் சென்றோம். அதனுள்ளே மரகதப் புத்தர் ஆலயம் உள்ளது. மரகதம் என்று பெயரே தவிர, மூர்த்தி பச்சை நிற ஜேடுக் கல்லால் ஆனது; உயரம் இரண்டடிக்குச் சற்று மேல். கோடை, மழை, குளிர் என்னும் மூன்று பருவங்களுக்கும் மூன்று பொன்னாடைகள் உண்டு. பருவம் மாறுகையில் அரசரே ஆடை மாற்றுவது மரபு. நாங்கள் கண்டது மழைக்காலக் கோலம்.

ஆலயத்தைச் சூழ்ந்த திருச்சுற்றில் 178 சுவரோவியங்களில் இராமகாதை தீட்டப்பட்டிருக்கிறது. ராமகியன் என்பது அக்காதையின் பெயர். கம்பனைப் பயின்ற கண்ணுக்கு அதிலே வியப்புகள் பல. இராவணன் அங்கே தசகண்டன் என்ற பெயரின் திரிபால் வழங்கப்படுகிறான். சீதை அவனுக்கே மகளாகப் பிறந்து, குலத்துக்குக் கேடு என்று விலக்கப்பட்டவள். அனுமனோ பிரமசாரி அல்லன்! சேதுவைக் கலைக்க வந்த மீன்மங்கை சுவர்ணமச்சையை அவன் காதலித்து மணக்கிறான். என் கணவர் வீட்டாரோ சனிக்கிழமை தவறாமல் அனுமாருக்கு வடைமாலை சாத்துகிறவர்கள். “இதை ஊரில் சொல்லிவிடாதே” என்று கூறி அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரிக்கக்கூடியவர் என்பதை நான் அறிந்தது அந்தச் சுவரின் முன்னேதான்.

மறுநாள் வாட் போ. சயனித்த புத்தர் அங்கே 46 மீட்டர் நீளத்தில் பொன்மயமாகக் கிடக்கிறார். பாதங்களில் முத்துச்சிப்பி இழைத்து 108 மங்கலச் சின்னங்கள் பதித்துள்ளனர். ஆனால் மாணவர்கள் கருதத்தக்கது வேறொன்று. மூன்றாம் ராமர் என்ற மன்னர் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவம், இலக்கியம் முதலிய கலைகளை அந்தக் கோயிலின் கல்லிலே பொறிக்கச் செய்தார். ஏட்டை உடையவரே கற்கலாம் என்ற நிலை மாறி, கோயிலுக்கு வருவோர் எல்லாம் கற்கலாம் என்று ஆயிற்று. அக்கல்வெட்டுகளை யுனெஸ்கோ ‘உலக நினைவு’ப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது.

எதிர்க்கரைக்குப் படகில் சென்றால் வாட் அருண். கதிரவனின் சாரதி அருணன் பெயரால் அமைந்த கோபுரம் அது. தூரத்தில் ஒரே பளிங்குபோல் தோன்றுகிறது. அருகில் சென்றால், சீனப் பீங்கான் தட்டுகளும் உடைசில்லுகளுமே பூவும் இலையுமாகப் பதிக்கப்பட்டிருப்பது தெரிகிறது. உடைந்ததையும் அழகாக்கத் தெரிந்தவர் கைவண்ணம்!

மூன்றாம் நாள் நாங்கள் கண்டது பெரிய ஊஞ்சல். வாட் சுதாத் என்ற கோயிலின் முன், நடுவீதியில், 20 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் சிவப்பு வண்ணத் தேக்குச் சட்டம் அது. முதன்முதல் 1784இல் நிறுத்தப்பட்டது. இப்போதுள்ளது 2007இல் புதுப்பித்தது. சிவபெருமான் உலகுக்கு எழுந்தருளும் விழாவில், வீரர்கள் இதில் ஆடி எழுந்து, உயரக் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்களாம். ஊஞ்சலாட்டம் 1935இல் நிறுத்தப்பட்டது. எனினும் அருகிலுள்ள தேவஸ்தானத்தில் அரசவை அந்தணர் விழாவின் வழிபாட்டை இன்றும் நடத்துகின்றனர். விழாவின் பெயர் ‘திரியம்பாவாய் திரிபாவாய்’. நம் திருவெம்பாவையும் திருப்பாவையுமே அவை என்பதைத் தனிநாயக அடிகளார் போன்ற அறிஞர்கள் எடுத்துரைத்தனர். பொருள் மறந்து, ஒலி திரிந்து போயினும், தமிழ்ப்பாட்டு அங்கே நிலைத்து நிற்கிறது.

நான் கல்லூரியில் வரலாறு பயின்றவள். இதனை என் கணவருக்கு விளக்கினேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மார்கழியில் அம்மா விடியுமுன்னே என்னை எழுப்பி இந்தப் பாட்டெல்லாம் சொல்ல வைப்பார். அம்மா போனபிறகு நான் சொன்னதே இல்லை” என்றார். மாமியார் அவருடைய பதினான்காம் வயதில் காலமானார் என்ற செய்தி எனக்குத் தெரியும். அவர் தம் வாயால் தாயைப் பற்றிச் சொன்னது அப்பொழுதுதான். அன்று மாலை பாக் குளோங் பூச்சந்தையில் மல்லிகைச் சரம் ஒன்று வாங்கித் தந்தார். அங்கே மல்லிகை சாமிக்குச் சாத்துவதற்கே மாலையாகக் கட்டப்படுகிறது. தலையில் சூடிய என்னைப் பூக்காரி அதிசயமாகப் பார்த்துச் சிரித்தாள்.

இரவு சீலோம் வீதி மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 19ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய தமிழர் எழுப்பிய ஆலயம் அது. சந்நிதியில் கைகூப்பி நின்றவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்களே. அவர்கள் அதனை ‘வாட் கேக்’ என்கின்றனர். கேக் என்ற சொல் இந்தியர் முதலிய மேற்றிசை மக்களைக் குறிக்கும். விருந்தினர் என்றும் அதற்குப் பொருள் உண்டு.

மாணவ நண்பர்களே! அயல்நாட்டில் நம் மொழியின் அடிச்சுவட்டைக் காணும்போது, நாம் கொடுத்தோம் என்று மார்தட்டத் தோன்றும். கொடுத்தது பெரிதா, பொருள் விளங்காதபோதும் நூற்றாண்டுகளாக அதனைப் போற்றிக் காத்தது பெரிதா என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். தங்கள் விருப்பப்படி இராமகாதையை மாற்றிக்கொண்ட அதே மக்கள்தாம், நம் பாடலின் ஒலியை விடாமல் வைத்திருக்கின்றனர். ஒன்றை ஏற்கவும், மாற்றவும், காக்கவும் தெரிந்த மக்கள் அவர்கள். பிறநாடு செல்லும் வாய்ப்பு உங்களுக்கும் வரும். அப்போது ஊர்ப்பெயர்களின் பொருளைக் கேளுங்கள். சுவரோவியத்தின் முன் பொறுமையாக நில்லுங்கள். உடன் வந்தவரோடு மனம்விட்டுப் பேசுங்கள். ஊரும் தெரியும்; உடன் வந்தவரையும் தெரியும்.