ஒரே பாவு, இரண்டு முந்தி



1888-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் இந்தத் திருத்தணி. இங்கே மேடையேறுகிறவர்கள் முதல் பத்து நிமிடத்தை அவருக்கே கொடுத்துவிடுவது வழக்கம். அந்தக் கடனை இந்த இரண்டு வாக்கியத்தோடு முடித்துக்கொண்டு, நேரே பட்டுப்புழுவுக்குப் போகிறேன், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். திருத்தணியில் பட்டுப்புழுவைப் பற்றிப் பேசக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அரக்கோணம் தாண்டிப் போனால் காஞ்சிபுரம். மேற்கே எல்லை கடந்தால் பலமநேர், மதனப்பள்ளிப் பக்கத்து மல்பெரித் தோட்டங்கள். பொதட்டூர்பேட்டையும் பள்ளிப்பட்டும் தறிச் சத்தத்தில் விடிகிற ஊர்கள். அங்கே ஓடுவது பெரும்பாலும் பருத்தி நூல் என்றாலும், தறி அறிந்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் வித்தகத்தில் ஒரு வேலை நடக்கும். கூட்டை வெட்டி, உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவை வெளியே எடுத்து, ஆண் வேறு பெண் வேறாகப் பிரிப்பார்கள். கலப்பின முட்டை வேண்டுமானால் ஓர் இனத்துப் பெண்ணோடு இன்னோர் இனத்து ஆண்தான் சேர வேண்டும். அந்துப்பூச்சியாகி வெளிவரும்வரை காத்திருந்தால் தன் இனத்தோடே சேர்ந்துவிடும். பிறகு பிரித்துப் பயனில்லை. ஆகவே கூட்டுப்புழுவின் அடிவயிற்றைத் திருப்பிப் பார்ப்பார்கள். எட்டாம் கண்டத்தில் பெருக்கல் குறிபோலக் கோடு தெரிந்தால் பெண். ஒன்பதாம் கண்டத்தில் சிறு புள்ளி தெரிந்தால் ஆண். பழகிய பெண்கள் பேச்சை நிறுத்தாமலேயே இதைச் செய்வார்கள்.

ஆணா பெண்ணா என்பதில் காசும் இருக்கிறது. பெண் கூட்டுப்புழு கனமானது; வெளிவரும் அந்துப்பூச்சி நானூறு, ஐந்நூறு முட்டை இடும். ஆனால் கூட்டின் மொத்த எடையில் பட்டின் பங்கு ஆணிடம்தான் அதிகம். தின்னும் தழையும் குறைவு. ஆண் புழுவை மட்டும் வளர்க்க முடியாதா என்பது பட்டுத் தொழிலின் நெடுநாள் ஆசை.

சரி, இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? பட்டுப்பூச்சியில் இரண்டு இசட் குரோமோசோம் இருந்தால் ஆண்; ஓர் இசட், ஒரு டபிள்யூ இருந்தால் பெண். இதோடு விஷயம் முடிந்ததென்று பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கலாம். ஆனால் முட்டைக்குள் சேரும் வைட்டலோஜெனின் என்ற புரதத்தைச் செய்வதற்கான மரபணு ஆணிடமும் முழுசாக இருக்கிறது. பெண்ணில் அது ஓயாமல் வேலை செய்கிறது. ஆணில் அடங்கிக் கிடக்கிறது. யார் அடக்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை காண 1977-க்குப் போக வேண்டும். அடினோ வைரஸை ஆராய்ந்த பிலிப் ஷார்ப்பின் குழுவும் ரிச்சர்ட் ராபர்ட்ஸின் குழுவும், மரபணுவின் செய்தி தொடர்ச்சியாக இல்லை, துண்டு துண்டாக இருக்கிறது என்று தனித்தனியே கண்டுபிடித்தன. டி.என்.ஏ.விலிருந்து முதலில் ஒரு நீளமான ஆர்.என்.ஏ. படி எடுக்கப்படுகிறது. அதில் இன்ட்ரான் எனும் பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு, எக்ஸான் எனும் பகுதிகள் ஒட்டப்படுகின்றன. இந்த வெட்டியொட்டலைக் கண்டதற்காக இருவருக்கும் 1993-இல் நோபல் கிடைத்தது. வெட்டி ஒட்டும் கருவி பல புரதங்களும் சிறு ஆர்.என்.ஏ.க்களும் கூடிய பெரிய கூட்டம். ஈஸ்ட்டில் அதன் உறுப்புகளைப் பிரித்தறிந்தவர்களில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் உஷா விஜயராகவனும் ஒருவர்.

சுவாரசியம் இனிமேல்தான். எல்லா எக்ஸானையும் எப்போதும் ஒட்ட வேண்டும் என்று சட்டமில்லை. ஒன்றை விடலாம், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைச் சேர்க்கலாம். மனிதனில் ஒன்றுக்கு மேற்பட்ட எக்ஸான் உள்ள மரபணுக்களில் ஏறக்குறைய 95 விழுக்காடு இப்படி வெவ்வேறு விதமாக ஒட்டப்படுகின்றன. இதைத்தான் மாற்று வெட்டியொட்டல் என்கிறோம். ஒரு நொதியிலோ தசைப் புரதத்திலோ இது நடந்தால் அந்தப் புரதத்தின் வேலை சற்று மாறும். ஆனால் மற்ற மரபணுக்களை முடுக்கவும் அணைக்கவும் செய்கிற ஒரு புரதத்தில் இது நடந்தால்? அதற்குக் கீழே இருக்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் போக்கே மாறிவிடும். இத்தகைய புரதங்களைப் படியெடுப்புக் காரணி என்று பாடநூல் சொல்லும். நான் விசைப் புரதம் என்கிறேன்.

பழ ஈயில் டபுள்செக்ஸ் என்று ஒரு மரபணு. 1965-இல் ஹில்ட்ரெத் விவரித்தது. அது கெட்டுப்போனால் ஆண் ஈயும் சரி, பெண் ஈயும் சரி, ஆணுமற்ற பெண்ணுமற்ற இடைப்பட்ட உருவம் பெறுகிறது. அப்படியென்றால் ஆணாவதற்கும் பெண்ணாவதற்கும் அதே மரபணு வேண்டும். ஒரே மரபணு எதிரெதிரான இரண்டு வேலையை எப்படிச் செய்யும்? 1989-இல் பர்ட்டிஸும் பேக்கரும் விடை சொன்னார்கள். முதல் மூன்று எக்ஸான் இரு பாலுக்கும் பொது. பெண்ணில் அவற்றோடு நான்காவது ஒட்டப்படுகிறது. ஆணில் நான்காவதை விட்டு ஐந்தும் ஆறும் ஒட்டப்படுகின்றன. பெண் புரதத்தில் 427 அமினோ அமிலங்கள், ஆண் புரதத்தில் 549. காஞ்சிப் பட்டுப் புடவையில் உடலை நெய்து, முந்தியை வேறு பாவில் பிட்னி போட்டுச் சேர்ப்பார்களே, அதுபோல உடல் ஒன்று, முந்தி இரண்டு.

டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் பகுதி அந்தப் பொது உடலில் இருக்கிறது. ஆகவே ஆண் புரதமும் பெண் புரதமும் முட்டைப் புரத மரபணுவின் அருகே அதே இடத்தில்தான் போய் உட்காருகின்றன. பெண் புரதம் உட்கார்ந்தால் மரபணு முடுக்கப்படுகிறது. ஆண் புரதம் உட்கார்ந்தால் அணைகிறது. இரண்டுமே இல்லாவிட்டால் அரைகுறையாக வேலை செய்கிறது. முடிவு செய்வது கடைசிப் பகுதி. பெண் வடிவத்தின் கடைசிப் பகுதியோடு இன்டர்செக்ஸ் என்ற இன்னொரு புரதம் வந்து சேர்ந்து முடுக்கலுக்கு உதவுகிறது. ஆண் வடிவத்தோடு அது சேர்வதில்லை.

பட்டுப்பூச்சியிலும் டபுள்செக்ஸ் இருக்கிறது. ஆனால் நடைமுறை தலைகீழ். ஈயில் யாரும் தலையிடாவிட்டால் ஆண் வடிவம் வரும். பெண் வடிவத்துக்குத்தான் தனியாக உதவி வேண்டும். பட்டுப்பூச்சியில் யாரும் தலையிடாவிட்டால் பெண் வடிவம். ஆணில் மூன்றாம், நான்காம் எக்ஸான்கள் விலக்கப்படுகின்றன. ஜப்பானில் சுசுகியின் குழு 2001-இல் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது: பட்டுப்பூச்சியின் ஆர்.என்.ஏ.வை மனிதப் புற்றுச் செல்லின் சாற்றில் போட்டார்கள். ஆண் பட்டுப்பூச்சிக்குரிய தடைகள் எதுவும் இல்லாத அந்தச் சாற்றில் பெண் வடிவம்தான் வந்தது. 2003-இல் அதே குழு, ஆண் பூச்சிக்குள் பெண் வடிவத்தை வரவழைத்தது. ஆணின் உடலில் வைட்டலோஜெனின் தலைகாட்டியது. பெண்ணின் மணத்தை ஆணின் உணர்கொம்பு அறிய உதவும் புரதமோ குறைந்தது. ஒரே புரதம் ஒன்றை முடுக்கி, இன்னொன்றை அணைத்தது.

இந்தியக் கதை ஹைதராபாதில். அங்குள்ள டி.என்.ஏ. ரேகை மற்றும் நோயறிதல் மையத்தில் ஜே. நாகராஜு பட்டுப்பூச்சியின் பால் நிர்ணயத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஆண் புழுவின் பொருளாதாரத்தையும் நன்றாக அறிந்தவர். 2010-இல் ஜெயேந்திர நாத் சுக்லாவோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு வளர்ப்புப் பட்டை விட்டுக் காட்டுப் பட்டுக்குப் போனது: அசாமின் மூகா, நடு இந்தியாவின் டஸ்ஸார். இரண்டிலும் பெண்ணுக்கென்று ஒன்றல்ல, இரண்டு டபுள்செக்ஸ் புரதங்கள் இருப்பதைக் காட்டினார்கள். அவற்றின் ஆர்.என்.ஏ.வைச் சிதைத்தபோது வைட்டலோஜெனின் சரிந்தது, பெண் உறுப்புகளின் வளர்ச்சி கெட்டது. பிறகு வளர்ப்புப் பட்டிலும் புதிய பெண் வடிவம் ஒன்றைக் கண்டார்கள். நாகராஜு 2012-இல் மறைந்தார். அதற்குப் பின் 2014-இல் டோக்கியோவிலிருந்து வந்த செய்தியை அவர் பார்த்திருக்க வேண்டும் என்று தோன்றும். டபிள்யூ குரோமோசோமிலிருந்து வரும் 29 எழுத்து நீளமுள்ள ஒரு குட்டி ஆர்.என்.ஏ., ஆணாக்கும் புரதத்தின் செய்தியைப் பெண்ணில் துண்டித்துவிடுகிறது. துண்டிக்க ஆளில்லாத ஆணில் அந்தப் புரதம் டபுள்செக்ஸின் வெட்டியொட்டலைத் திருப்பிவிடுகிறது. வித்தகத்தில் பார்க்கும் கோட்டுக்கும் புள்ளிக்கும் பின்னால் இவ்வளவு நடந்திருக்கிறது.

பூச்சிகளோடு நின்றுவிடும் விஷயம் இல்லை இது. மனிதனிடம் சுமார் 1,600 விசைப் புரத மரபணுக்கள் உண்டு. பாஸ்டன் டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனத்தினர் முன்னின்ற ஒரு பெரிய ஆய்வு, 246 மரபணுக்களிலிருந்து வரும் 693 வடிவங்களை அண்மையில் ஒவ்வொன்றாகச் சோதித்தது. மாற்று வடிவங்களில் மூன்றில் இரண்டு பங்கு, டி.என்.ஏ.வைப் பிடிப்பதிலோ முடுக்குவதிலோ வேறு பண்பிலோ மூல வடிவத்திலிருந்து விலகியிருந்தன. சில, மூல வடிவத்தின் வேலையையே தடுப்பவை. இதற்குப் பிறகும் ‘இந்த மரபணு இன்ன வேலை செய்கிறது’ என்று ஒற்றை வரியில் எழுதும் நம் பாடநூல்கள் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன என்பது என் மனக்குறை.

மனிதனின் டபிள்யூ.டி.1 என்ற விசைப் புரத மரபணுவில் இரண்டு வடிவங்களுக்கிடையே வேறுபாடு வெறும் மூன்று அமினோ அமிலம்: லைசின், திரியோனின், செரின். ஒன்பதாம் எக்ஸானின் முடிவில் வெட்டும் இடம் சற்றுத் தள்ளிப்போனால் மூன்றும் சேரும். முன்னாலேயே வெட்டினால் சேராது. சேராத வடிவம் டி.என்.ஏ.வை நன்கு பற்றி விசையாகச் செயல்படும். சேர்ந்த வடிவம் ஆர்.என்.ஏ.வை நாடும். இரண்டும் ஓர் அளவில் கலந்திருந்தால்தான் சிறுநீரகமும் பாலுறுப்பும் சரியாக வளரும். ஒன்பதாம் இன்ட்ரானின் தொடக்கத்தில் ஓரெழுத்து மாறினாலே மூன்றும் சேர்ந்த வடிவம் குறைந்துவிடும். அதன் விளைவு ஃப்ரேசியர் நோய் என்று 1997-இல் தெரியவந்தது. பெண் குழந்தையாக வளர்கிறாள், சிறுநீரில் புரதம் இறங்குகிறது, ஸ்டீராய்டு கேட்கவில்லை, பருவ வயதாகியும் பூப்படையவில்லை. குரோமோசோமைப் பார்த்தால் எக்ஸ்-ஒய். உள்ளே வளராது நின்ற பாலுறுப்பில் கட்டி வரும் ஆபத்து அதிகம். அந்த ஓரெழுத்தைக் காலத்தில் கண்டுவிட்டால், பலன் தராத ஸ்டீராய்டை நிறுத்தலாம், கட்டி வருமுன் அந்த உறுப்பை அகற்றலாம், சிறுநீரகம் மாற்றும் நாளுக்குக் குடும்பத்தை ஆயத்தப்படுத்தலாம்.