பேர் சொல்லிக் கேட்டால் கூலியும் சரியாக வரும்



நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்தது நம் புதுச்சேரியில்தான். அப்படிப்பட்ட ஊரில், குழுக் கடனில் விளக்குகள் வாங்கி, நாடகங்களுக்கு ஒளி அமைக்கும் வேலையை நாங்கள் நாலு பேர் செய்கிறோம்.

ஆரம்பத்தில் ஒரு ஏற்பாட்டாளர், "உங்களுக்கு எடுபிடிக் கூலிதான்"னு சொல்லிட்டார். "அந்த வட்ட லைட்டு"ன்னு பேசினால் அப்படித்தான் சொல்லுவாங்க. "நாலு பார் கேன், ரெண்டு ஃப்ரெனெல், ஒரு டிம்மர்" என்று சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு டெக்னீஷியன் கூலி தந்தார்.

பார் கேன், டப்பா மாதிரி இருக்கும். ஒளி முட்டை வடிவத்தில் பளிச்சென்று விழும். ஃப்ரெனெலில் கண்ணாடி வளையம் வளையமாக இருக்கும்; ஒளியின் ஓரம் மென்மையாகக் கரையும். அந்தக் கண்ணாடி, பிரெஞ்சு விஞ்ஞானி ஃப்ரெனெல் கலங்கரை விளக்கத்துக்காகச் செய்தது. 1823-ல் பிரான்சில் முதலில் பொருத்தினார்கள். ஆங்கில எழுத்தில் நடுவே ஒரு 'எஸ்' இருக்கும், சொல்லும்போது வராது. பிரெஞ்சு தெரிந்த நம்ம ஊர்ப் பெரியவங்களைக் கேளுங்க! முன்னால் மடக்கும் நாலு தகடு, பார்ன்டோர். கலர் தாள், ஜெல். ஒளியைக் கூட்டிக் குறைப்பது, டிம்மர்.

இனி பராமரிப்பு. ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடாதீங்க. எண்ணெய்ப்பசை ஒட்டின இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போயிடும், வெடிக்கவும் செய்யும். சுத்தமான துணியால் பிடித்து மாட்டுங்க. அணைத்ததும் விளக்கை ஆட்டாமல், ஆறவிட்டு இறக்குங்க. கேபிளை முழங்கையில் சுற்றினால் உள்கம்பி முறுக்கி ஒடியும். தரையில் வளையமாகச் சுற்றுங்க. கடற்கரை நிகழ்ச்சி முடிந்தால் கிளாம்பு, பிளக் எல்லாம் உலர்ந்த துணியால் துடைக்கணும். உப்புக்காத்து துருப்பிடிக்க வைத்துவிடும்.

வட்டிக் கணக்கு போடுகிற நமக்கு இந்தக் கணக்கு பெரிசில்லை: 1000 வாட் விளக்கு ஒன்று 4 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல் இழுக்கும். 16 ஆம்பியர் பாயிண்டில் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு விளக்குக்கும் சேஃப்டி செயின் கட்டாயம். கீழே நிற்பது ஒரு உயிர்.

ரொக்கப் புத்தகம், தீர்மானப் புத்தகம் மாதிரி விளக்குக்கும் ஒரு நோட்டு போடுங்க. எந்த விளக்கு, என்றைக்கு பல்பு மாத்தினது, எங்கே பழுது என்று எழுதுங்க. கடன் அடைகிற வரைக்கும் அந்தச் சாமான் உழைக்கணும். அடைந்த பிறகு அது நமக்கே சொந்தம்.