எல்லோருக்கும் எட்டும் கணினி

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டு நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியும் குருதி அமுக்கம் பற்றியும்தான் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். கணினி எமது துறையல்ல. இந்த உரையை எங்கள் வகுப்புத் தோழிகள் எல்லோரும் சேர்ந்துதான் தயாரித்தோம். ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

இந்தத் தலைப்பை நாங்கள் எடுத்ததற்குக் காரணம் நூற்றாண்டு விழாவின் அழைப்பிதழ். கல்லூரியின் பழைய முகப்புப் படத்துடன் மிக அழகாக அமைந்திருந்தது. எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் அது வந்ததும் எல்லோரும் பூங்கொத்தும் கைகூப்பும் போட்டோம். சற்று நேரத்தில் ஒருத்தியிடமிருந்து குரற்பதிவு வந்தது. "எடியே, எனக்குப் படம் எண்டு மட்டுந்தான் சொல்லுது. ஆருக்குக் கலியாணம்?"

சிரித்தோம். பிறகு ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவளுக்குக் கண் தெரியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆயினும் முப்பதுக்கு மேற்பட்டோர் இருக்கும் குழுவில் ஒருவருக்கும் அந்த அழைப்பிதழை நான்கு வரியில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றவில்லை.

பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறாள். ஆனால் தன் கதையைச் சொல்லலாம் என்றாள். படிக்கும் காலத்தில் அவள் எங்களைப் போலத்தான் ஓடித் திரிந்தாள். மாலையானதும் தடுமாறுவாள். அது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த காலம். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கின் சின்னத் திரியைச் சுற்றி நாலைந்து பேர் குந்தியிருந்து படித்தோம். எல்லோருமே இருட்டில் தடக்கி விழுந்துகொண்டிருந்தபோது, ஒருத்திக்கு மட்டும் இருட்டு எங்களுடையதைவிடக் கூடுதலாக இருந்ததை யார் கண்டுபிடிப்பது? உயர்தரம் படிக்கும்போதுதான் கண் வைத்தியரிடம் போனாள். விழித்திரையின் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்ற பரம்பரை நோய். முதலில் இரவுப் பார்வை போகும், பிறகு பக்கப் பார்வை சுருங்கும், குழாயினூடாகப் பார்ப்பது போல நடுப்பகுதி மட்டும் எஞ்சும். "இதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வசனத்தை வைத்தியர்களாகிய நாங்களும் பலருக்குச் சொல்லியிருக்கிறோம். மருந்தைப் பொறுத்தவரையில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கேட்பவர் அதை வாழ்க்கைக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். எங்கள் தோழி எட்டு வருடம் வீட்டிலிருந்தாள்.

அவளை வெளியே கொண்டுவந்தது ஓர் இலவச மென்பொருள். மைக்கல் கரன் என்ற அவுஸ்திரேலிய இளைஞர் 2006இல் அதைத் தொடங்கினார். சிறுவயதுத் தோழரான ஜேம்ஸ் டெ அவருடன் சேர்ந்துகொண்டார். இருவரும் விழிப்புலனற்றவர்கள். அக்காலத்தில் கணினித் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்களின் விலை சாதாரண குடும்பங்களுக்கு எட்டாது. கணினியைவிட அதை வாசிக்கும் மென்பொருளுக்குக் கூடக் காசு கொடுக்கவேண்டியிருப்பது என்ன நியாயம் என்று கேட்டவர்கள், என்.வி.டி.ஏ. என்ற திரை வாசிப்பானை எழுதி உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். இன்று கைத்தொலைபேசிகளில் இந்த வசதி உள்ளேயே வருகிறது. 2009இல் வந்த ஐபோனில் அப்பிள் நிறுவனம் அதைச் சேர்த்தது, அன்ட்ரொயிட் தொலைபேசிகளிலும் உண்டு. தமிழிலும் பேசும். இந்த மண்டபத்தில் இருக்கும் பெரும்பாலான தொலைபேசிகளுக்குள் அது இப்போதும் தூங்கிக்கொண்டிருக்கிறது.

அவள் அதைப் பாவிப்பதைப் பார்க்க வேண்டும். விரலைத் திரையில் வலப்பக்கம் தட்டித் தட்டிக் கொண்டுபோவாள். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லும். வேண்டியது வந்ததும் இரண்டு தட்டு. பேச்சின் வேகத்தை எவ்வளவு கூட்டி வைத்திருக்கிறாள் என்றால் எங்கள் காதுக்கு அது வண்டு இரைவது போலிருக்கும்.

இவ்வளவு வசதியிருந்தும் அவளுக்கு எட்டாதவை எவை என்று கேட்டோம். வங்கிச் செயலியில் பெயர் வைக்காத பொத்தான்கள். தொலைபேசி "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொல்லும். படத்தில் கோணலாக எழுதிய எழுத்துகளைப் பார்த்துத் தட்டச் சொல்லும் சோதனைகள். இவை எல்லா நாட்டிலும் உள்ள தொல்லைகள். ஆனால் அவளுடைய பெரிய மனக்குறை எங்களுடைய சொந்தத் தயாரிப்பு.

சங்கத்தின் பழைய செய்திமடல் ஒன்றைக் கணினியில் திறந்து எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்றது. அது 'அம்மா' என்ற சொல். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டச்சுச் செய்தால் கணினிக்குள் பதிவாவது தமிழ் அல்ல. இந்த ஐந்து ஆங்கில விசைக் குறிகள்தான். அவற்றின் மேல் தமிழ் எழுத்தின் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. கண் பார்க்கிறவர்களுக்கு அந்தப் போர்வை போதும். திரை வாசிப்பான் உள்ளே இருப்பதை வாசிக்கிறது. நாங்கள் கண்ணீர் மல்க எழுதிய ஆசிரியை ஒருவரின் அஞ்சலிக் கட்டுரை அவளுக்கு இரண்டு பக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கேட்டது.

பாமினியைக் குறை சொல்ல வரவில்லை. வேறொன்றும் இல்லாத நாளில் எங்கள் கல்யாண அழைப்பிதழ் முதல் அந்தியேட்டி மலர் வரை அதுதான் அச்சேற்றியது. ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோடின் முதற் பதிப்பு 1991இல் வெளிவந்தபோதே அதில் தமிழ் இருந்தது. பாமினி விசைப்பலகைப் பழக்கத்தை மாற்றாமலே யூனிகோடில் தட்டச்சுச் செய்ய வழியுண்டு. பழைய கோப்புகளை மாற்றித் தரும் செயலிகளும் உண்டு. அப்படியிருந்தும் அச்சகத்தார் கேட்கிறார்கள் என்று பழையதிலேயே நிற்கிறோம். அதைவிட மோசம், எழுதியதை அச்சிட்டு, கையொப்பமிட்டு, ஸ்கான் செய்து படமாக அனுப்புவது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சமவாயத்தை 2016இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அந்த உரிமைகளைப் பற்றிய சுற்றறிக்கை ஒன்றே அவளுக்குப் படமாக வந்ததாம்!

கண் தெரிந்தவர்களுக்கும் இதில் பங்குண்டு. இணையப் பக்கங்களுக்கான உலக நியமம் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது. மலரின் அட்டைக்குத் தெரிவுசெய்திருக்கும் இளமஞ்சளில் பொன்னிற எழுத்து இதற்குள் அடங்காது. வெண்புரை வந்த எங்கள் ஆசிரியைகள் சொல்லட்டும்.

இனி நாங்களே செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களில் சிலர் வேலைபார்த்த விடுதியில் மூளைத்தண்டில் பக்கவாதம் வந்த ஓர் அம்மா இருந்தார். அறிவு முழுமையாகத் தெளிவு. ஆனால் கை, கால், நாக்கு ஒன்றும் அசையாது. கண்ணை மேலும் கீழும் அசைப்பார், இமைப்பார், அவ்வளவுதான். ஸ்டீபன் ஹோக்கிங் கன்னத்துத் தசையொன்றின் அசைவால் கணினியை இயக்கிப் பேசியதை நாங்கள் எல்லோரும் படித்திருந்தோம். அதேபோல ஒரு மடிக்கணினியில் தமிழ் எழுத்துகளை வரிசையாக ஒளிரச் செய்தோம். வேண்டிய எழுத்து ஒளிரும்போது அவர் இமைக்க வேண்டும், நாங்கள் அதைக் குறித்துக்கொள்வோம். தமிழுக்கு 247 எழுத்து என்பதை அன்றுதான் உணர்ந்தோம். 'தண்ணி' என்று எழுதி முடிக்குமுன் அந்த அம்மா களைத்துவிட்டார்.

தீர்வு சொன்னவர் அவருடைய மகள். பாலர் வகுப்பு ஆசிரியை. "டொக்டர், பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற மாதிரி, முதல் மெய், பிறகு உயிர் எண்டு கேளுங்கோவன்" என்றார். 247 முப்பதாகச் சுருங்கியது. அடிக்கடி வேண்டிய சொற்களைத் தனி வரியில் வைத்தோம்: தண்ணி, நோகுது, திருப்பி விடுங்கோ, மகளைக் கூப்பிடுங்கோ. மிகுந்த பெருமையுடன் அடுத்த நாள் கொண்டுபோனோம். அந்த அம்மா சொற்களின் வரியை விட்டுவிட்டு எழுத்துகளுக்குப் போனார். ஒவ்வொன்றாக இமைத்து ப், ஓ, த், உ, ம் என்று எழுதினார். போதும்.

நாங்கள் செய்த வரியில் அந்தச் சொல் இல்லை. பேச்சுப் பயிற்சியா, சளி உறிஞ்சுவதா, நாங்கள் அவரைச் சுற்றி நிற்பதா, எது போதும் என்று கேட்டோம். எல்லாவற்றுக்கும் இமைத்தார். எங்களுக்கு வேண்டிய சொற்களைத்தான் நாங்கள் தெரிவுசெய்திருந்தோம். எங்களை நிறுத்தும் சொல்லை வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. அன்றே 'போதும்', 'வேண்டாம்' இரண்டையும் முதலாவதாக வைத்தோம். ஹோக்கிங்கூட, அதைவிட நல்ல குரல்கள் வந்த பின்னரும் தன் பழைய இயந்திரக் குரலை மாற்றச் சம்மதிக்கவில்லை. அது தன் குரல் என்றிருந்தார். செய்து கொடுப்பவருக்குச் சிறந்ததாகத் தெரிவது பாவிப்பவருக்கு அப்படியிருக்க வேண்டியதில்லை.

ஆகவே இம்முறை கேட்டுவிட்டுத்தான் செய்கிறோம். மலர்க் குழுவிடம் எங்கள் வகுப்பு மூன்று காரியங்களை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மலர் முழுவதையும் யூனிகோடில் தட்டச்சுச் செய்து, அச்சுப் பிரதியுடன் எழுத்துக் கோப்பாகவும் வெளியிடுவோம். ஒவ்வொரு படத்துக்கும் அதில் யார் யார், என்ன செய்கிறார்கள் என்று இரண்டு வரி எழுதுவோம். அதற்குப் பழைய அக்காமாரின் உதவி கட்டாயம் வேண்டும், 1960களின் படங்களில் பாதிப் பேரை எங்களுக்குத் தெரியாது. மூன்றாவது, அச்சுக்குப் போகுமுன் எங்கள் தோழி அதை முழுவதும் கேட்டுப் பார்ப்பாள்.

முதற் பகுதியை அனுப்பியிருந்தோம். நேற்றிரவு பதில் வந்தது. அதிபரின் செய்தி இரண்டு தரம் வாசிக்கிறதாம். கல்லூரிக் கீதத்தில் ஓரிடத்தில் ஒற்று விடுபட்டிருக்கிறதாம். இத்தனை பேர் கண்ணால் பார்த்தும் தப்பிய பிழை அது. பாட்டுக் குழுப் படத்தின் விளக்கத்தில் இரண்டாம் வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்பது தான் அல்ல, தன் தங்கச்சி என்றும், தான் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்ததாகவும் சொன்னாள். திருத்திவிட்டோம்.