வாசலுக்கு வந்த குடிநீர்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் குடிநீரைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வயிற்றுப்போக்கினால் பள்ளிக்கு வாராத பிள்ளைக்கு எந்த ஆசிரியர் பாடம் நடத்த இயலும்?

நீருக்காக நம் முன்னோர் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் குளங்களையும் நம்மவரும் பயன்படுத்தும் உரிமையைக் கோரிற்று. 1927 மார்ச் 20ஆம் நாள் மகாடில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அதன்பின் சாதி இந்துக்கள் 108 மண்குடங்களில் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து, அதே குளத்தில் கவிழ்த்து, குளம் 'தூய்மை' அடைந்ததாக அறிவித்தனர். மனிதன் தொட்டால் தீட்டு. சாணம் கரைத்தால் தூய்மை! என்ன விந்தையான சுகாதாரம்! வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் முடிவதற்கு 1937 ஆயிற்று.

இன்று குழாய் நம் தெருவுக்கும் வந்துவிட்டது. ஆயின், 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நடந்ததை மறக்க இயலுமா? குழந்தைகள் நோயுற்ற பின்னரே மக்கள் தொட்டியின்மேல் ஏறிப் பார்த்தனர். குடிநீரில் மனித மலம் கிடந்தது. தொட்டியின் மூடிக்குப் பூட்டு உண்டா, சாவி யாரிடம் இருக்கிறது, கடைசியாகக் கழுவியது எந்நாள் என்னும் கேள்விகள் நமக்குச் சிறியவை அல்ல.

தீங்கு எப்போதும் பகையால் மட்டுமே வருவதில்லை, பள்ளத்தாலும் வரும். நம் தெரு பெரும்பாலும் குழாயின் கடைக்கோடியில் இருக்கிறது. அங்கே நீரின் அழுத்தம் குறைவு. எனவே குழி தோண்டிக் குழாயைத் தரைக்குக் கீழே வைத்துப் பிடிக்கிறோம். அக்குழியில் சாக்கடையும் மழைநீரும் தேங்கும். நீர்வரத்து நின்றதும் குழாயினுள் வெற்றிடம் உண்டாகி, குழியில் தேங்கியதை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் முதலில் வரும் குடத்து நீர் அதுவே. கண்ணுக்குத் தெளிவாக இருப்பதனாலேயே அது நல்ல நீர் ஆகிவிடாது. குழியை மூடி, குழாயைத் தரைக்குமேல் உயர்த்தித் தருமாறு ஊராட்சியைக் கேட்பது நம் உரிமை.

தொட்டி நீரில் 1,000 லிட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கலந்து, ஒரு மணி நேரம் விடவேண்டும். திறந்து கிடந்த பவுடர் வீரியம் இழந்துவிடும். அதைப் போட்டுப் பயனில்லை. வீட்டிலோ, நீர் நன்கு கொதித்தெழுந்து ஒரு நிமிடமேனும் கொதிக்கட்டும். ஆறவைத்து வாய் குறுகிய குடத்தில் மூடி வையுங்கள். கையை விட்டு மொள்ளாதீர்கள்; நீண்ட பிடியுள்ள அகப்பை போதும். கொதிக்கவைத்த நீரைக் கைவிரல் கெடுத்துவிடுவதை எத்தனை வீடுகளில் காண்கிறோம்!

கொதிக்கவைத்தால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணவும் வேண்டா. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பிள்ளைகளின் பற்களில் பழுப்புக்கறை படிவதும், நாளடைவில் எலும்பு வளைவதும் அதனால்தான். காய்ச்சினால் நீர் வற்றி ஃபுளோரைடு செறிவாகுமேயன்றிக் குறையாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் வேறு நீர்தான் தேடவேண்டும். அதை நாக்கு சொல்லாது, பரிசோதனையே சொல்லும்.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீரைப் பரிசோதிக்கப் பயிற்சி அளிக்க வழி செய்யப்பட்டது. அந்த ஐவரில் நம் தெருப்பெண் ஒருத்தியேனும் இருக்கிறாளா? இளைஞர்களே, இதை விசாரியுங்கள். தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22ஆம் நாளும் கிராமசபை கூடுகிறது. அங்கே சென்று, நம் தெருக்குழாயில் எடுத்த நீரின் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். ஊர்த்தெருக் குழாயின் அறிக்கையைக் காட்டினால் ஏற்காதீர்கள். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும்வரை கையொப்பமிடாமல் அமர்ந்திருங்கள்.